தறிக்காரர் மகன் தீட்டிய பள்ளத்தாக்கு

படிப்பகத்திலே ஒரு தோழர் கேட்டார்: "படம் எழுதுகிறவர்களையும் பாட்டு எழுதுகிறவர்களையும் மாநாட்டு மேடையிலே உட்கார வைத்து மாலை போடுகிறோமே, இவர்களாலே ஒரு சாண் நிலமாவது மக்களுக்குக் கிடைத்ததுண்டா?"

ஆலைத் தொழிலாளி அவர். இரவு முறை முடித்துக் கண் சிவந்து வந்து உட்கார்ந்திருந்தவர். கேள்வியிலே கிண்டல் இருந்தது, நியாயமும் இருந்தது. "ஒரு சாண் என்ன தோழரே, இருபது இலட்சம் ஏக்கர் கிடைத்ததுண்டு" என்றேன். கூடியிருந்தோர் சிரித்தனர். தூரிகையால் ஏர் உழுத கதை சொல்கிறேன் என்று எண்ணிக்கொண்டனர் போலும்! கதை அல்ல; நடந்தது. நடந்ததிலே மகிழத்தக்கதும் உண்டு, வெட்கித் தலைகுனியத்தக்கதும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். பாதியை மட்டும் சொல்லிக் கைத்தட்டல் வாங்குவது நம் வழக்கமல்லவே.

இங்கிலாந்திலே லங்காஷயர். அதிலே போல்ட்டன் என்று ஓர் ஊர். கோவையிலும் மதுரையிலும் ஆலையிலே வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஊர் பெயர் தெரியாவிட்டாலும், அந்த ஊர் பெற்ற பிள்ளையைத் தெரியும். 'மியூல்' என்னும் நூற்பு எந்திரத்தை 1779-ல் உருவாக்கிய சாமுவேல் கிராம்ப்டன் அந்த ஊர்க்காரர். எந்த லங்காஷயர் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கி நம் நெசவாளியின் குழித்தறியிலே மண் விழச் செய்ததோ, அதே லங்காஷயரிலே முதலில் வயிற்றில் அடிபட்டவர் யார் தெரியுமா? அந்நாட்டுக் கைத்தறி நெசவாளர்தான். விசைத்தறி ஓடத் தொடங்கிற்று. கைத்தறிக் கூலி சரிந்தது. அடுப்பிலே பூனை தூங்கிற்று. வெள்ளைக்காரன் என்றால் எல்லோரும் சீமான் என்று எண்ணுகிறோமே, அது எவ்வளவு பிழை!

அந்தப் போல்ட்டனிலே, கைத்தறி நெசவாளர் குடும்பத்திலே, 1837-ல் பிறந்தவர் தாமஸ் மோரன். 1844-ல் பிழைப்புத் தேடி அந்தக் குடும்பம் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போயிற்று. பிலடெல்பியா நகரத்தில் தொழிலாளர் வாழும் பகுதியிலே குடியேறிற்று. பையன் மரக்கட்டையிலே படம் செதுக்கும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தான். அந்நாளில் பத்திரிகைகளில் படம் அச்சிட வேண்டுமானால் யாராவது ஒருவர் கட்டையிலே கோடு கோடாகச் செதுக்கித் தரவேண்டும். கண்ணைக் கெடுக்கும் வேலை. கலைக்கூடத்திலே கற்காததை அந்தப் பட்டறையிலே கற்றான் அந்தப் பையன்.

விந்தை என்னவென்றால், அதே போல்ட்டனில் அவருக்கு முன்னாலே, 1801-ல், இன்னொரு ஓவியர் பிறந்திருக்கிறார். தாமஸ் கோல். இளமையில் அவருக்கு என்ன வேலை? சீட்டித் துணிக்கு அச்சுக்கட்டை செதுக்குவது! ஆலைப் புகை தின்ற அந்தப் பிள்ளை 1818-ல் அமெரிக்கா சென்றார். 1825-ல் ஹட்சன் ஆற்றின் வழியே மேலேறிக் கேட்ஸ்கில் மலைகளைக் கண்டார். கண்டதும் கைகள் சும்மா இருக்கவில்லை. அவர் தீட்டிய மலைகளையும் மரங்களையும் பார்த்துத்தான், தம் நாட்டுக் காடும் ஒரு செல்வம் என்று நியூயார்க் வணிகருக்கே உறைத்தது. 1836-ல் ஒரு கட்டுரையும் எழுதினார். கோடரி நாள்தோறும் முன்னேறுகிறது, அழகெல்லாம் விறகாகிறது என்று அதிலே வருந்தினார். வருந்தினாரே தவிர, வழி சொல்லவில்லை. வருத்தத்தைப் பதிவு செய்துவிட்டு 1848-ல் மறைந்தார்.

வழி சொன்னவர் ஜார்ஜ் கேட்லின். இவர் வழக்குரைஞர். கறுப்பு அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூரிகையை எடுத்தார். 1832-ல் மிசௌரி ஆற்றிலே நீராவிப் படகேறி மேற்கே போனார். படகின் பெயர் 'யெல்லோஸ்டோன்'. மஞ்சள் கல் என்று பொருள். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

கேட்லின் போனது மலையைப் பார்க்க மட்டுமல்ல, மனிதரைப் பார்க்க. 'செவ்விந்தியர்' என்று நம் பள்ளிப் புத்தகங்கள் சொல்லிக் கொடுத்தனவே, அந்தப் பூர்வகுடிகளைப் பார்க்க. அவர்களுடைய முகங்களை, ஆட்டங்களை, கூடாரங்களைப் படம் படமாகத் தீட்டினார். அங்கே ஒரு செய்தியும் அவர் காதில் விழுந்தது. அவர் வருவதற்குச் சில நாள் முன்னே ஒரே வேட்டையில் 1,400 காட்டெருமைகளைக் கொன்று, நாக்கை மட்டும் அறுத்து வந்து வெள்ளை வியாபாரியிடம் கொடுத்துச் சில காலன் விஸ்கி வாங்கிப் போனார்களாம். இறைச்சி அப்படியே அழுகிற்று. சாராயத்தைக் காட்டி ஒரு குடியின் சோற்றுப் பானையை உடைக்கும் சூது! நம் நாட்டுக் கள்ளுக்கடை அரசியல் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேட்லின் அப்போது எழுதினார்: அரசாங்கம் இந்த நிலத்தை நாட்டின் பூங்காவாக ஒதுக்கிக் காப்பாற்றக்கூடாதா என்று. நாட்டுக்குச் சொந்தமான பூங்கா என்னும் எண்ணம் அமெரிக்காவில் எழுத்தில் வந்த முதல் இடங்களில் அது ஒன்று. அவருடைய பூங்காவிலே எருமையும் உண்டு, அந்த மண்ணின் மனிதரும் உண்டு. மனிதரையும் காட்சிப்பொருள் போல நிறுத்தி வைக்கும் மனப்பாங்கு அதிலே இருக்கிறது என்று யாராவது குற்றம் சாட்டினால், நான் மறுக்கமாட்டேன். ஆனால் மனிதரை அடித்து விரட்டிவிட்டுப் பூங்கா போடு என்று அவர் சொல்லவில்லை. அதைப் பின்னால் வந்தவர்கள் செய்தார்கள்.

கேட்லின் கதை துயரமானது. அவர் தீட்டிய மாண்டன் குடியினரை 1837-ல் பெரியம்மை வாரிக்கொண்டு போயிற்று. ஆயிரத்துக்கு மேலிருந்த மக்களில் ஏறத்தாழ நூற்றைம்பது பேரே மிஞ்சினர். அவர்கள் முகம் எப்படியிருந்தது என்று இன்று காட்டுவது அவருடைய படங்களே. அந்தப் படங்களை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அமெரிக்கக் காங்கிரசிடம் மன்றாடினார். (நம் ஊர்க் காங்கிரஸ் அல்ல தோழர்களே, அவர்கள் நாடாளுமன்றத்துக்கே பெயர் அது!) வாங்கவில்லை. இலண்டனில் 1852-ல் கடன்காரர் கழுத்தை நெரித்தார்கள். படங்கள் அடகுக்குப் போயின. 1872 டிசம்பரில் செத்தார். எந்த ஆண்டில் செத்தார் என்பதைக் கவனியுங்கள். அவர் கேட்டது அந்த ஆண்டு மார்ச்சிலேதான் சட்டமாகியிருந்தது.

நடுவிலே யோசெமிட்டி என்னும் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். கலிபோர்னியாவில் 1849-ல் தங்கவெறி. தங்கம் தேடி வந்த கூட்டத்துக்கும் பள்ளத்தாக்கின் மக்களுக்கும் மோதல். 1851-ல் 'மாரிப்போசாப் படை' என்று ஒன்றைத் திரட்டிக்கொண்டு போய், குடிசைகளைக் கொளுத்தினார்கள்; குளிர்காலத்துக்கு அந்த மக்கள் சேர்த்து வைத்திருந்த ஓக் கொட்டைகளைக் கொளுத்தினார்கள்; தலைவர் டெனாயாவைச் சிறைப்பிடித்தார்கள். ஓர் ஏரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். வீட்டைப் பறித்துக்கொண்டு பெயரை மட்டும் ஏரிக்குக் கொடுக்கும் தாராளம்!

சாம்பல் ஆறிப் பத்தாண்டு ஆனபிறகு, 1861-ல், கார்ல்ட்டன் வாட்கின்ஸ் என்ற புகைப்படக்காரர் அங்கே போனார். இன்று சட்டைப் பையிலே கைப்பேசி இருக்கிறது, தட்டினால் படம். அன்று? 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் கண்ணாடிப் பலகை. அதைத் தாங்கும் பெட்டி வேறு செய்யவேண்டியிருந்தது. கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடிகள் எல்லாவற்றையும் ஒரு டஜன் கோவேறு கழுதைகள் சுமந்தன. அவர் எடுத்த படங்கள் 1862-ல் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. எல் கேப்பிட்டன் என்னும் செங்குத்துப் பாறையைக் கண்டவர்கள் வாய் பிளந்தனர். மறு ஆண்டு ஆல்பர்ட் பியர்ஸ்டாட் என்ற ஓவியர் தூரிகையோடு அங்கே போனார். அவருடைய பெரிய படம் ஒன்றுக்குச் சீமான் ஒருவர் 25,000 டாலர் கொடுத்தார்.

1864-ல், கப்பல் கம்பெனி ஒன்றின் அலுவலர், அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுச்சொத்தாக்க வேண்டும் என்று செனட்டர் கோனசுக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தோடு புகைப்படங்களையும் வைத்து அனுப்பினார். நாடே இரண்டாகப் பிளந்து அடிமை முறைக்காக இரத்தம் சிந்திக்கொண்டிருந்த வேளை. அந்த வேளையிலே, ஜூன் 30-ம் நாள், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை மக்கள் அனுபவத்துக்காகக் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைக் கண்ணால் கண்டவரல்லர்.

இனி மோரனிடம் வருவோம்.

யெல்லோஸ்டோன் என்னும் மலைநாட்டைப் பற்றி வேட்டைக்காரர்கள் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிலத்திலிருந்து கொதிநீர் பனைமர உயரம் பீறிடுகிறதாம். சேறு உலைபோலக் கொதிக்கிறதாம். மலைச்சுவர் மஞ்சளும் சிவப்புமாக மின்னுகிறதாம். கேட்ட நகரத்தார், சாராய மயக்கத்தில் உளறுகிறான் என்றார்கள். 1869-ல் நேரில் போய்வந்த சிலர் கட்டுரை எழுதி அனுப்ப, கற்பனைக் கதைகளை நாங்கள் வெளியிடுவதில்லை என்று ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியதாகச் சொல்வர். 1870-ல் லாங்ஃபோர்ட் என்பவர் ஒரு குழுவோடு போய்வந்து, மறு ஆண்டு ஒரு மாத ஏட்டிலே எழுதினார். அதற்குப் படம் வேண்டுமே! உடன்சென்றவர்கள் கிறுக்கி வந்ததை மோரனிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். பாராத இடத்துக்குப் படம் போட்ட மோரனுக்கு மனம் ஆறவில்லை. பார்த்துவிட வேண்டும் என்று துடித்தார்.

பணம்? தறிக்காரர் மகனிடம் ஏது? அந்த ஏட்டார் 500 டாலர் கடன் கொடுத்தார்கள். இன்னொரு 500 டாலர் கொடுத்தவர் ஜே குக்.

இந்த மனிதர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெரும் பணமுதலை. 'வட பசிபிக்' இரயில் பாதைக்குப் பங்குப் பத்திரம் விற்றவர். அந்தப் பாதை யெல்லோஸ்டோனுக்குப் பக்கத்திலே போகவிருந்தது. முன்னே சொன்ன லாங்ஃபோர்டை ஊர் ஊராகப் பேசவைத்ததும் அவர் ஏற்பாடுதான். மலையிலே அதிசயம் உண்டு என்று ஊருக்குத் தெரிந்தால், அதைக் காண இரயிலேறிக் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் டிக்கெட். டிக்கெட் என்றால் டாலர்! முதலாளி கலைக்குப் பணம் கொடுத்தால் கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது நல்லது.

1871 ஜூலையில் மோரன் மேற்கே போய், ஃபெர்டினாண்ட் ஹேடன் தலைமையில் சென்ற அரசாங்க நில ஆய்வுக் குழுவோடு சேர்ந்தார். அந்தக் குழுவுக்குக் காங்கிரஸ் ஒதுக்கியது 40,000 டாலர். மோரன் ஒல்லி உடம்புக்காரர். அதுவரை குதிரை ஏறியதே இல்லை. சேணம் உறுத்துகிறது என்று ஒரு சிறு தலையணையை வைத்துக்கொண்டு ஏறினாராம்! மலையேறிகள் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். உள்நாட்டுப் போரிலே சிப்பாயாக இருந்த வில்லியம் ஹென்றி ஜாக்சன் அந்தக் குழுவின் புகைப்படக்காரர். இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. எந்த முகட்டிலிருந்து பார்த்தால் அருவி எப்படித் தெரியும் என்று மோரன் சொல்ல, அங்கே பெட்டியை நிறுத்துவார் ஜாக்சன்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைத் தொழிலாளித் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியிலே மருந்து பூசவேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் பிடிக்கவேண்டும். ஈரம் காய்வதற்குள் கூடாரத்து இருட்டிலே கழுவவேண்டும். பாறை விளிம்பிலே கூடாரம் போட இடமில்லாவிட்டால், படம் பிடித்த கண்ணாடியை ஈரத்துணியிலே சுற்றிக்கொண்டு பள்ளத்துக்கும் மேட்டுக்கும் ஏறி இறங்க வேண்டும். கருவிகளைச் சுமந்த கோவேறு கழுதைக்கு 'ஹைப்போ' என்று பெயர் வைத்திருந்தார் ஜாக்சன். படம் கழுவும் மருந்தின் பெயர் அது. கழுதை ஒருமுறை கால் இடறினால் ஒரு மாத உழைப்பு சில்லுச் சில்லாகும்.

மோரன் அங்கேயிருந்து பெரிய படம் எதையும் தூக்கி வரவில்லை. நோட்டுப் புத்தகத்திலே சின்னச் சின்ன நீர்வண்ணப் படங்கள். பக்கத்திலே பாறையின் நிறத்தைப் பற்றிக் குறிப்புகள். 308 அடி உயர அருவி விழும் அந்த மஞ்சள் பள்ளத்தாக்கை நெஞ்சிலே ஏற்றிக்கொண்டு திரும்பினார்.

இனித்தான் அரசியல். அக்டோபர் 27-ம் நாள் ஜே குக்கின் அலுவலகத்திலிருந்து நெட்டில்டன் என்பவர் ஹேடனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: அந்த வெந்நீர் ஊற்றுப் பகுதியை என்றென்றைக்கும் பொதுப் பூங்காவாக ஒதுக்கும்படி காங்கிரசுக்கு நீங்கள் பரிந்துரைக்கலாமே என்று. டிசம்பர் 18-ல் மசோதா வந்தேவிட்டது. இரயில் முதலாளிக்கு ஏன் இந்த அக்கறை? அந்த வேளையிலேயே இரண்டு பேர் வெந்நீர் ஊற்றுப் பக்கம் நிலத்தை வளைத்துக்கொண்டு குளியல் விடுதி நடத்தக் கிளம்பியிருந்தார்கள். நயாகரா அருவியைச் சுற்றித் தனியார் வேலி போட்டு, எட்டிப் பார்க்கக்கூடக் காசு பறித்த கதை எல்லோருக்கும் தெரியும். நூறு சில்லறை முதலாளிகளோடு பேரம் பேசுவதைவிட, ஓர் அரசாங்கத்தோடு பேசுவது பெருமுதலாளிக்கு எளிது! ஆகவே பூங்கா என்பதை ஏழைக்கு இரங்கிய வள்ளல்கள் எழுப்பினார்கள் என்று யாராவது சொன்னால், அந்தக் கடிதத்தின் தேதியை அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால், தோழர்களே, முதலாளிக்குக் கணக்கு இருந்தது என்பதாலே ஓவியரின் பங்கு பொய்யாகிவிடாது. காங்கிரஸ் உறுப்பினர்களிலே அந்தப் பூமியைக் கண்டவர் எவருமில்லை என்றே சொல்லலாம். காணாததை எப்படிக் காப்பது? ஹேடன் வாஷிங்டனிலே ஜாக்சனின் படங்களையும் மோரனின் நீர்வண்ணங்களையும் அவர்கள் கண்முன்னே வைத்தார். வேட்டைக்காரன் உளறல் என்று கேலி பேசப்பட்டது சாட்சியத்தோடு வந்து நின்றது. மோரனின் வண்ணம் இல்லையென்றால் புகைப்படத்தின் கறுப்பு வெள்ளைக்கு அந்த மஞ்சள் ஏது? ஜாக்சனின் புகைப்படம் இல்லையென்றால் மோரன் மிகைப்படுத்துகிறார் என்பார்களே! ஒன்றுக்கு ஒன்று சான்று.

செனட்டிலே ஒருவர், கலிபோர்னியாக்காரர், எதிர்த்தார். குடியேறிகளுக்கு விட்டுவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டார். மற்றவர்கள் தந்த பதிலைக் கேளுங்கள்: அங்கே உழவுக்கும் ஆகாது, சுரங்கத்துக்கும் ஆகாது, ஒதுக்கினால் நட்டமில்லை! உதவாத நிலம் என்று சொல்லித்தான் உலகின் ஒப்பற்ற நிலத்தைக் காப்பாற்ற முடிந்தது. மக்கள் சபையிலே 115-க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறிற்று. 60 பேர் வாக்களிக்கவே இல்லை. 1872 மார்ச் 1-ம் நாள் குடியரசுத் தலைவர் கிராண்ட் கையெழுத்திட்டார். இருபது இலட்சம் ஏக்கருக்கு மேல். உலகின் முதல் தேசியப் பூங்கா என்று அதைச் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு பிழையையும் திருத்தியாக வேண்டும். மோரன் தீட்டிய மாபெரும் ஓவியத்தைக் கண்டு மயங்கிக் காங்கிரஸ் சட்டம் போட்டது என்று பலர் எழுதுகிறார்கள். ஏழடி உயரம், பன்னிரண்டடி அகலம் கொண்ட அந்த ஓவியம் சட்டம் நிறைவேறிய நாளில் முடிந்திருக்கவே இல்லை. சில வாரங்கள் கழித்தே முடிந்தது. அதே 1872-ல் காங்கிரஸ் அதை 10,000 டாலருக்கு வாங்கித் தன் மாளிகையிலே மாட்டிற்று. சட்டத்துக்கு வாதாடியவை சின்ன நீர்வண்ணப் படங்களும் கண்ணாடியிலிருந்து எடுத்த புகைப்படங்களும்தான். பெரிய மாளிகையிலே மாட்டிய படத்துக்குப் புகழ், வேலை செய்த துண்டுப் படங்களுக்கு மறதி. நம் கழகங்களிலும் இது நடப்பதுண்டு! கேட்லினின் நூற்றுக்கணக்கான படங்களை வாங்க மறுத்த அதே காங்கிரஸ், மனிதரே இல்லாத பெருமலைப் படத்துக்குப் பத்தாயிரம் கொடுத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜே குக் என்னவானார்? 1873 செப்டம்பர் 18-ம் நாள் அவருடைய வங்கி கவிழ்ந்தது. நாட்டையே இழுத்துக்கொண்டு கவிழ்ந்தது. ஆலைகள் மூடின, கூலி வெட்டப்பட்டது, வேலையில்லாதார் வீதியில் நின்றனர். இரயில் பூங்காவின் வாசலருகே வந்து சேர 1883 ஆயிற்று.

இனி வெட்கப்படவேண்டிய பகுதி.

மக்களுக்கான பூங்கா என்று சட்டம் சொல்லிற்று. எந்த மக்கள்? பல்லாயிரம் ஆண்டாக அந்த ஊற்றுகளின் அருகே வாழ்ந்து, கறுப்புக் கண்ணாடிக் கல்லிலே அம்பு முனை செய்து, மலையாடு வேட்டையாடிப் பிழைத்த பூர்வகுடிகள் அந்தச் சொல்லிலே அடங்கவில்லை. மசோதா விவாதத்திலே, இதனால் அவர்கள் நிலம் பாதிக்கப்படுமா என்று ஒருவர் கேட்டார். மாசசூசெட்ஸ் உறுப்பினர் ஹென்றி டாஸ், அங்கே அவர்களால் வாழவே முடியாது என்ற பொருளில் பதில் சொல்லி மூடிவிட்டார். அந்த டாஸ்தான் பின்னாளில் செனட்டராகி, 1887-ல் தம் பெயராலேயே வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். பொதுவாக இருந்த குடிநிலங்களைத் துண்டு போட்டுப் பங்கிட்டு, மிச்சத்தை வெள்ளையருக்குத் திறந்துவிட்ட சட்டம் அது. 1934-க்குள் பூர்வகுடிகள் கையைவிட்டுப் போனது ஒன்பது கோடி ஏக்கர்! மக்களுக்கென்று இருபது இலட்சம் ஒதுக்கிய சபையின் மறுகையும் இதுதான்.

1877-ல் நெஸ் பெர்ஸ் குடியினர் எண்ணூறு பேரளவில், பெண்டு பிள்ளைகளோடு, பட்டாளம் துரத்த இந்தப் பூங்காவின் ஊடே ஓடினர். பூங்காவுக்கு வந்திருந்த உல்லாசப் பயணிகள் சிலர் அவர்கள் கையில் சிக்கி அஞ்சி நடுங்கினர். கனடா எல்லைக்கு நாற்பது மைல் இருக்கையில் அக்டோபரில் அவர்கள் சரணடைந்தனர். அதற்குப் பிறகு பூங்கா நிர்வாகத்துக்குக் கவலை வந்தது. சுற்றுலாவுக்கு வருகிறவன் அஞ்சி ஓடுவானே! உடனே ஒரு கதை கட்டினார்கள்: வெந்நீர் ஊற்றுகளைக் கண்டு பூர்வகுடிகள் பேய் பிசாசு என்று அஞ்சுவார்கள், இங்கே வருவதே இல்லை என்று. இருந்தவர்களை விரட்டிவிட்டு, இருந்ததே இல்லை என்று எழுதி வைத்தார்கள். மோரனின் பேரோவியத்திலே ஒரு பூர்வகுடி மனிதர் ஓரத்தில் சின்னதாக நிற்கிறார், பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஓவியர் என்ன நினைத்து அப்படித் தீட்டினாரோ!

சட்டம் வந்துவிட்டதே, காடு பிழைத்துவிட்டதா? இல்லை. முதல் கண்காணிப்பாளராக லாங்ஃபோர்டை நியமித்தார்கள்; சம்பளம் கிடையாது. 1878 வரை ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை. ஊற்றின் ஓரத்துப் பாறையை உடைத்துப் பையிலே போட்டுக்கொண்டு போனான் வந்தவன். தோலுக்காக மானைக் கொன்றான். இரயில் நெருங்கியதும் ஒரு கம்பெனி புறப்பட்டு, ஊற்றுகளையும் அருவியையும் சுற்றி நாலாயிரம் ஏக்கருக்கு மேல் குத்தகை கேட்டது. கேட்டதென்ன, அமைச்சகத்திலே கிட்டத்தட்ட வாங்கியேவிட்டது! மிசௌரி செனட்டர் வெஸ்ட் என்பவர் சண்டை போட்டு, 1883-ல், பத்து ஏக்கருக்கு மேல் யாருக்கும் குத்தகை கூடாது என்று தடுத்தார். 1886-ல் பட்டாளத்தையே காவலுக்குப் போட்டார்கள். 1894-ல் காட்டெருமை வேட்டைக்காரன் ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தால், தண்டிக்கச் சட்டம் இல்லை! அந்த வேளையிலே பத்திரிகையாளர் ஒருவரும் புகைப்படக்காரர் ஒருவரும் பூங்காவில் இருந்தார்கள். எருமைத் தலைகளை வரிசையாக வைத்துப் பட்டாளத்தார் நிற்கும் படம் இன்றும் இருக்கிறது. செய்தி நாடெங்கும் பரவிற்று. இரண்டே மாதத்தில், மே 7-ம் நாள், சட்டம் வந்தது. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. 1902-ல் எண்ணிப் பார்த்தபோது பூங்காவிலே மிஞ்சியிருந்த காட்டெருமைகள் இரண்டு டஜன் அளவே. இன்று அங்கே ஐயாயிரம் அளவில் மேய்கின்றன.

படிப்பகத் தோழர் இந்த இடத்திலே குறுக்கிட்டார். "ஓவியன் போனான், செனட்டர் போனான், முதலாளி போனான். நம்ம ஆள் எங்கே போனான்?" என்று.

நல்ல கேள்வி. நம்ம ஆள் பாதை போட்டான். யோசெமிட்டிக்குள் செல்லும் வாவோனாப் பாதையை 1870-களின் நடுவே, குளிர்காலத்திலே, வெட்டியவர்கள் சீனத் தொழிலாளர். 1883-ல் டியோகா மலைப்பாதையை, 56 மைலை, 130 நாளில் போட்டு முடித்த உழைப்பிலே பெரும்பங்கு அவர்களுடையது. அதற்கு முந்திய ஆண்டுதான் சீனத் தொழிலாளர் இனி நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள்! 1903-ல் செக்கோயாப் பூங்காவிலே காவல் இருந்தது கறுப்பினப் பட்டாளம். அதன் தலைவர் கேப்டன் சார்லஸ் யங். அடிமைகளாக இருந்த தாய் தந்தைக்குப் பிறந்தவர். வானளாவிய மரங்கள் நிற்கும் காட்டுக்கு வண்டி போகும் பாதையை ஒரே கோடையில் முடித்துத் தந்தது அவருடைய படை. 1933-லிருந்து 1942 வரை, பொருளாதாரச் சரிவிலே வேலையின்றித் திரிந்த இளைஞர்கள் முப்பது இலட்சம் பேரளவில் காடுகளிலும் பூங்காக்களிலும் மரம் நட்டார்கள், பாலம் கட்டினார்கள், தீ அணைத்தார்கள். மாதம் 30 டாலர் கூலி. அதிலே 25 டாலர் நேரே வீட்டுக்குப் போகும். ஓவியரின் கையெழுத்து படத்தின் மூலையிலே இருக்கிறது. இவர்கள் கையெழுத்து பாதையிலே கிடக்கிறது.

யோசெமிட்டியைக் கண்ணாடியிலே பிடித்த வாட்கின்சின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். கடனிலே மூழ்கித் தாம் எடுத்த கண்ணாடிப் படங்களையே இழந்தார். அவர் படங்களை வேறொருவர் தம் பெயர் போட்டு விற்றார். 1890-களில் மனைவி மக்களோடு கைவிடப்பட்ட இரயில் பெட்டி ஒன்றிலே குடியிருந்தார். மறுபடியும் எழுந்து எடுத்துச் சேர்த்ததை 1906-ல் சான் பிரான்சிஸ்கோ நில நடுக்கமும் தீயும் தின்றன. கண் பார்வையும் போயிற்று. 1910-ல் மனநோய் மருத்துவமனையிலே சேர்த்தார்கள். 1916 ஜூனில் அங்கேயே இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 25-ல் எல்லாப் பூங்காக்களையும் காக்கத் தேசியப் பூங்காப் பணித்துறை என்று ஓர் அரசுத்துறை அமைக்கப்பட்டது. இரண்டு மாதம் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்லத்தான் தோன்றுகிறது. தெரிந்து என்ன, இரயில் பெட்டி வீடாகியிருக்காது.

மோரனுக்கு வாழ்வு கிடைத்தது. தம் பெயரின் நடுவிலே 'யெல்லோஸ்டோன்' என்பதன் முதல் எழுத்தைச் சேர்த்துக்கொண்டு படங்களிலே கையெழுத்திட்டார். 1926 வரை இருந்தார். ஜாக்சன் 1942-ல், 99 வயதில் மறைந்தார்.

2022-ல் யெல்லோஸ்டோனுக்கு 150 ஆண்டு நிறைந்தது. அந்த ஆண்டு அங்கே ஒரு மலைக்குப் பெயர் மாற்றினார்கள். 'மவுண்ட் டோன்' என்று இருந்தது. லாங்ஃபோர்டோடு 1870-ல் போன பட்டாள அதிகாரியின் பெயர். அந்தப் பயணத்துக்குச் சில மாதம் முன்னால், அதே 1870 சனவரியில், பீகன் பிளாக்ஃபீட் குடியினரின் பாசறை ஒன்றைத் தாக்கி, அம்மை கண்டு கிடந்த பெண்கள், குழந்தைகள் உட்பட 173 பேரையாவது கொன்ற படையிலே முன்னின்றவர் அவர். இப்போது அந்த மலைக்கு 'முதற்குடிகள் மலை' என்று பெயர். ஊர்ப் பெயரை மாற்றுவதில் என்ன பயன் என்று நம்மைக் கேலி பேசியவர்கள் உண்டே, அவர்களுக்கு இந்தச் செய்தியைத் தபாலில் அனுப்பலாம்!

2025 பிப்ரவரியில் இன்னொரு செய்தி. செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லிப் பூங்காப் பணித்துறையிலே ஆயிரம் பேரளவில் ஒரே நாளில் வேலையைவிட்டு நீக்கினார்கள். வழி காட்டுகிறவர்கள், பூட்டுத் திறக்கிறவர்கள், கழிப்பிடம் கழுவுகிறவர்கள், காயம்பட்டவரைத் தூக்கி வருகிறவர்கள். பின்னர், மார்ச்சில், நீதிமன்ற ஆணையால் திரும்ப எடுக்கும்படி ஆயிற்று. அது பிறகு. அந்தப் பிப்ரவரியிலே, யோசெமிட்டியில், மாலை வெயில் பட்டு அருவி நெருப்பாய் ஒளிரும் காட்சியைக் காண ஆண்டுதோறும் கூடும் கூட்டம் கூடியிருந்தது. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. பூங்காத் தொழிலாளர் சிலர் கயிறு கட்டி எல் கேப்பிட்டன் பாறையின் மேலே ஏறி, நாட்டுக் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கப்பல் ஆபத்தில் இருக்கும்போது காட்டும் அடையாளம் அது. 1861-ல் கழுதைமேல் கண்ணாடி ஏற்றிவந்து வாட்கின்ஸ் படம் பிடித்தாரே, அதே பாறை. கீழே நின்றவர்கள் ஆயிரம் கருவிகளை உயர்த்தினார்கள். மறுநாள் அந்தப் படம் நாடெங்கும் போய்ச் சேர்ந்தது.